கண்ணாடிக் கதவுக்கு வெளியே மூன்று நாள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நர்ஸ் பிள்ளைகளுக்காக என் அனுபவத்தை நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டார்கள். கேட்டவர் என்னோடு வேலை பார்த்ததில்லை. பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டார். நான் முப்பத்து நாலு வருஷம் லேபர் ரூமில் நின்றவள். அங்கே கத்தாமல் எந்த வேலையும் நடக்காது என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது, மற்ற சிஸ்டர்கள் எல்லோரும் கத்தாமலேயே பிரசவம் பார்த்திருக்கிறார்கள்.

எனக்கு முன்னால் ஓய்வு பெற்றவர்கள் எழுதியதை வாங்கிப் படித்துப் பார்த்தேன். சேவை, அன்பு, விளக்கு, வெள்ளுடை தேவதை. அதைப் படித்துவிட்டு லேபர் ரூமுக்குள் போகிற பிள்ளை முதல் வாரமே ராஜினாமா கடிதம் எழுதிவிடும். எனக்கு அப்படி எழுத வராது. எப்படியும் வராது.

என் பிரிவு உபசார விழாவில் ஒரு பெரிய மனிதர் மைக்கைப் பிடித்து என்னை "பயமே அறியாத சிஸ்டர்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் எழுந்து அது பொய் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கொடுத்த கேக்கைச் சாப்பிட்டேன், சுகர் இருந்தும் இரண்டு துண்டு. பிறகு ஆட்டோ பிடித்து லிங்கராஜபுரத்தில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அந்தப் பொய்யை உடைக்கத்தான் இந்த நாலு பக்கம். கை தட்டியவர்களில் யாராவது இதைப் படித்தால் தட்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

கொரோனா வந்த முதல் வருஷம். நம்முடையது மிஷன் ஆஸ்பத்திரி. காலை டியூட்டிக்கு முன்னால் சேப்பலில் பத்து நிமிஷம் ஜெபம், அதற்குப் பிறகுதான் வார்டு. ஒரு திங்கட்கிழமை ஜெபம் முடிந்ததும் மேட்ரன் எழுந்து நின்றார். நாலாவது மாடியைக் கொரோனா வார்டு ஆக்கியாகிவிட்டது. அதன் கடைசி அறையில் பிரசவ மேசையும் போட்டாகிவிட்டது. ஆனால் பிரசவம் பார்த்துப் பழகிய சிஸ்டர் ஒருத்தர்கூட அந்த வார்டு லிஸ்டில் இல்லை. "ஐம்பது வயசு தாண்டி சுகர், பிபி இருக்கிறவங்களைப் போடக்கூடாதுன்னு நிர்வாகம் சொல்லியிருக்கு. நான் யாரையும் கட்டாயப்படுத்த மாட்டேன். மனசு இருக்கிறவங்க சொல்லுங்க" என்றார்.

சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் தரையைப் பார்த்தார். நல்ல மனுஷி. என்னைப் பார்த்திருந்தால் நான் மாட்டியிருப்பேன்.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. உங்களில் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள் இல்லை, அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். எனக்குச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. வெளிச்சம் எதுவும் வரவில்லை. வகுப்பில் டீச்சர் வருகைப் பதிவேட்டில் நம் பெயரைக் கூப்பிட்டால் எப்படித் தெரியுமோ அப்படித் தெரிந்தது. கர்த்தர் என்னைத்தான் கூப்பிடுகிறார். சந்தேகமே இல்லை. "இருக்கேன்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் நான் எழுந்து, முகத்தைப் பக்தியாக வைத்துக்கொண்டு சொன்னது இது: "ஜெபிச்சுட்டுச் சொல்றேன் மேடம்."

இதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார் ஜெபிச்சுட்டுச் சொல்றோம் என்றால் வேறு இடம் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். ஞாயிறு பள்ளிக்கு டீச்சராக வாருங்கள் என்று பாஸ்டர் கேட்டு, ஜெபிச்சுட்டுச் சொல்றேன் என்று பதில் வந்தால் அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். எங்களில் யாரும் முடியாது என்று சொல்வதில்லை. சொன்னால் பாவம் போல் இருக்கும். இப்படிச் சொன்னால் பக்தி போல் இருக்கும், எதிரில் நிற்பவரும் வாயைத் திறக்க முடியாது. ஜெபிக்காதே என்று யார் சொல்வார்கள்?

அன்றைக்குச் சேப்பலில் எனக்குப் பின்னால் ஆறு பேர் அதையே சொன்னார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் அவ்வளவு ஜெபம் நடந்த வாரம் வேறு கிடையாது. நாலாவது மாடி லிஸ்டில் மட்டும் பெயர் ஏறவில்லை.

எனக்கு நிஜமாகவே சுகர் இருந்தது. டாக்டர் கையெழுத்துப் போட்ட விலக்குக் கடிதமும் பையில் இருந்தது. என் வீட்டுக்காரருக்கு ஆஸ்துமா. பயந்ததில் தப்பே இல்லை. பயப்படாமல் இருந்தால்தான் மூளையைப் பரிசோதிக்க வேண்டும். "மேடம், எனக்குப் பயமா இருக்கு, நான் வரல" என்று சொல்லியிருந்தால்கூட அது நேர்மை. மேட்ரன் வேறு ஆஸ்பத்திரியிலிருந்து ஆளைக் கேட்டிருப்பார். நான் பயத்துக்கு ஜெபம் என்று பெயர் வைத்தேன். அவரும் என்னை நம்பிக் காத்திருந்தார். அதுதான் தப்பு.

சொன்னதற்காவது ஜெபிக்க வேண்டுமே என்று வீட்டில் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டு அலமாரியில் வாக்குத்தத்தப் பெட்டி ஒன்று உண்டு. சின்ன அட்டைகளில் வசனம் அச்சடித்து அடுக்கியிருப்பார்கள். ஜெபித்துவிட்டு கண்ணை மூடி ஒன்றை எடுத்தால் அன்றைக்குக் கடவுள் நமக்குச் சொல்வது அதுதான் என்று ஒரு பழக்கம். முதல் அட்டையை எடுத்தேன். பயப்படாதே, நான் கூட இருக்கிறேன், போ என்கிற மாதிரி வந்தது. இது பொதுவான வசனம், எல்லோருக்கும் வரும் என்று திரும்ப வைத்துவிட்டேன். இரண்டாவது, எளியவர்களுக்குச் செய்வதைப் பற்றி. அதையும் வைத்துவிட்டேன். மூன்றாவதில் வீட்டில் சமாதானமாகத் தங்கியிருப்பதைப் பற்றி வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதேன். கர்த்தர் பேசிவிட்டார்!

என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னால் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாடி, சீட்டாட்டமா ஆடுற? மூணாவது சீட்டுல ரம்மி சேர்ந்துடுச்சா?"

"வாயை மூடுங்க. இது ஜெபம்."

"மொத ரெண்டுல என்ன வந்துச்சு?"

"அது வேற."

"வேறன்னா?"

"உங்க மூச்சுக்காகத்தான் நான் யோசிக்கிறேன். உங்களுக்கு வீசிங். நான் போய்ட்டு வந்து உங்களுக்கு ஒட்டிச்சுன்னா?"

அவர் பேப்பரை மடித்து வைத்தார். "முப்பது வருஷமா ராத்திரி நான் இழுக்குற சத்தத்துல தூக்கம் வரலைன்னு தலகாணியைத் தூக்கிட்டு ஹாலுக்குப் போவ. இன்னைக்குத்தான் என் வீசிங் உனக்கு உபயோகப்பட்டிருக்கு. நான் வேணும்னா மேல் ரூம்ல தனியா இருந்துக்குறேன். என்னைச் சாக்கு காட்டாத."

அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. சரியாகச் சொன்னதற்காக.

புதன்கிழமை மத்தியானம் செல்வி வந்தாள். சொந்த ஊர் வந்தவாசிப் பக்கம். ஈஜிபுராவில் ஒற்றை அறை வீடு, அடுக்குமாடிகளில் வீட்டு வேலை. புருஷன் தண்ணி கேன் போடுகிறவன். நிறைமாதம், முதல் பிரசவம், வலி எடுத்துவிட்டது. டெஸ்டில் பாசிட்டிவ். இரண்டு இடத்தில் வாசலிலேயே திருப்பி அனுப்பி, மூன்றாவதாக எங்களிடம் வந்திருந்தாள். நேரே நாலாவது மாடிக்கு ஏற்றினார்கள்.

உள்ளே யார் இருந்தார்கள் என்று சொல்கிறேன். ஸ்டெல்லா என்று ஒரு சின்னப் பெண், வேலைக்கு வந்து எட்டு மாதம். ஜுரம், சளி பார்க்கிற ஒரு இளம் டாக்டரம்மா, படிக்கிற காலத்துக்குப் பிறகு பிரசவமே பார்க்காதவர். அப்புறம் ஒரு ஆயாம்மா. அவள் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், அதனால் போடவில்லை. மர்பி டவுன்காரி, என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். வார்டு திறந்த அன்றிலிருந்து உள்ளேதான் இருந்தாள். பிரசவ டாக்டர் கீழே தியேட்டரில் வேறொரு அவசர சிசேரியனில் நின்றார். முக்கால் மணி நேரம் ஆகும் என்று தகவல்.

மேட்ரன் என்னைக் கூப்பிட்டார். "உள்ள போக வேண்டாம் சிஸ்டர். வார்டு கதவுகிட்ட நின்னு ஸ்டெல்லாவுக்கு போன்ல சொல்லிக் குடுங்க, போதும்."

இதற்கு ஜெபம் தேவைப்படவில்லை. உடனே சரி என்றேன்.

நாலாவது மாடியில் வார்டுக்குப் பெரிய கண்ணாடிக் கதவு. அதற்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி போட்டு, மாஸ்க்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு, போனைக் கையில் வைத்து உட்கார்ந்தேன். உள்ளே ஸ்டெல்லா தன் போனைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஸ்பீக்கரில் வைத்திருந்தாள். பத்து நிமிஷம் எல்லாம் ஒழுங்காகப் போனது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. உடம்பு முழுக்க மூடும் பாதுகாப்புக் கிட் போட்டு வேர்த்து ஊற்றாமல், உட்கார்ந்த இடத்தில் பிரசவம் பார்க்கிறேனே.

அப்போது ஆயாம்மா கையுறைப் பெட்டி எடுக்கக் கதவு வரை வந்தாள். தலை முதல் கால் வரை வெள்ளை உறை, முகத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் தகடு. நடையை வைத்துத்தான் அவள் என்று தெரிந்தது. கண்ணாடி வழியாகச் சத்தமாகக் கேட்டாள்.

"உள்ள யாரு சிஸ்டர் வர்றாங்க?"

"டாக்டர் கீழே ஆபரேஷன்ல இருக்காங்க. முடிஞ்சதும் வந்துடுவாங்க."

"டாக்டரைக் கேக்கலை. கை வெச்சுப் பாக்குற ஆளு யாருன்னு கேட்டேன்."

"நான் இங்கேருந்து போன்ல சொல்லிட்டுத்தானே இருக்கேன்."

"போன்ல புள்ளை பொறக்குமா சிஸ்டர்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எனக்கு சுகர் இருக்கு. லெட்டர் குடுத்திருக்காங்க. மூணு நாளா இதுக்காக ஜெபம் பண்ணிட்டு இருக்கேன்."

"எனக்கும் சுகர்தான். இன்சுலின் போட்டுக்குறேன்."

"அப்ப லெட்டர் வாங்கலையா?"

"எங்களுக்கு யாரு லெட்டர் குடுத்தா? நாங்க ஏஜென்சி ஆளுங்க. வர்றியான்னுகூட யாரும் கேக்கலை. லிஸ்டுல பேரு இருந்துச்சு, வந்துட்டேன்." பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "நானும் மூணு நாளா மாதாகிட்டயும் ஆண்டவர்கிட்டயும் ஒண்ணேதான் கேட்டுட்டு இருக்கேன். பிரசவம் பாக்கத் தெரிஞ்ச ஒரு ஆளை உள்ள அனுப்புன்னு. உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

சினிமாவாக இருந்தால் அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் கதவைத் திறந்துகொண்டு ஓடியிருப்பேன். நான் ஓடவில்லை. "பேசிட்டு நிக்காம போய் அந்தப் பொண்ணுக்குத் தண்ணி குடு" என்று அதிகாரமாகச் சொன்னேன். அவள் போனாள். அதற்குள் முப்பது வருஷத்துக்கு அருகில் சர்வீஸ், அவ்வளவு நாள் ஆயாம்மாக்களோடு வேலை செய்திருக்கிறேன். அவர்களுக்கும் சுகர் வரும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. இருக்கட்டும்.

அடுத்து போனில் ஸ்டெல்லாவின் குரல் மாறியது.

"சிஸ்டர், தலை வந்துடுச்சு. அதுக்கு மேல வரலை."

"வரலைன்னா?"

"தலை வெளிய வந்து திரும்ப உள்ள போற மாதிரி இருக்கு சிஸ்டர்."

தலை வந்து தோள் மாட்டிக்கொண்டால் நமக்கு இருப்பது நாலைந்து நிமிஷம். இது உங்களுக்குப் பாடத்திலேயே இருக்கிறது. அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றுவது ஒன்றுதான், பிடித்து இழுப்பது. செய்யக்கூடாததும் அதுதான்.

"கையை எடு. இழுக்காத. இழுத்தியா?"

போனில் செல்வியின் கத்தல் மட்டும் கேட்டது.

"இழுத்தியாடி?"

"கொஞ்சம் சிஸ்டர்." அழ ஆரம்பித்துவிட்டாள்.

கிட் மாட்ட, பழகியவர் கூட நின்று உதவினால் பத்து நிமிஷம். குழந்தைக்கு அவ்வளவு நேரம் இல்லை. விதி தெளிவாக இருந்தது, கிட் இல்லாமல் யாரும் உள்ளே போகக்கூடாது. விதி போட்டவர்கள் முட்டாள்கள் இல்லை. நான் உள்ளே போனால் எனக்கு வரும். எனக்கு வந்தால் வீட்டில் அவருக்கு வரும். இதெல்லாம் அந்தக் கதவுக்கு முன்னால் நின்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. திங்கட்கிழமை சேப்பலில் தெரிந்ததும் அதே தெளிவோடு தெரிந்தது. அது இந்த மூன்று நாளும் மாறவே இல்லை. நான் எத்தனை அட்டை மாற்றினாலும் அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

என்னைப் பற்றிச் சொல்கிறவர்கள் அந்த நேரத்தில் நான் ஜெபித்ததாகச் சொல்கிறார்கள். ஜெபிக்கவில்லை. எனக்கு விசுவாசம் பொங்கவும் இல்லை. கோபம்தான் பொங்கியது. முதலில் ஸ்டெல்லா மேல், பிறகு கீழே தியேட்டரில் நிற்கிற டாக்டர் மேல், பிறகு சுற்றிச் சுற்றி வந்து என் மேலேயே நின்றது. கையுறையை மாட்டினேன், அலமாரியில் கிடந்த பிளாஸ்டிக் ஏப்ரனைக் கழுத்தில் போட்டேன், கதவைத் தள்ளினேன்.

இருபது அடி தூரம். போகும்போதே கத்திக்கொண்டு போனேன். "ஸ்டெல்லா, மேசையை விட்டுத் தள்ளி நில்லு! டாக்டரம்மா, அந்தக் காலைப் பிடிச்சு மேல மடக்குங்க! ஆயாம்மா, இந்தப் பக்கம் வா!"

செல்வி வலியிலும் தலையைத் திருப்பி, "யாரு அக்கா இது, இப்படிக் கத்துது?" என்று ஆயாம்மாவைக் கேட்டாள்.

"உன் புள்ளையை வெளிய எடுக்க வந்தவ. காலை மடக்கு."

ஆயாம்மா செல்வியின் அடிவயிற்றில் நான் காட்டிய இடத்தில் அழுத்தினாள். ஒரு தடவைதான் சொன்னேன், சரியாக அழுத்தினாள். ஒன்றரை நிமிஷம் இருக்கும். குழந்தை வந்தது. பெண். துணி மாதிரிக் கிடந்தது. துடைத்து, தேய்த்து, மூச்சு கொடுத்து, அந்த நேரத்தை நான் விவரிக்கப் போவதில்லை. அழுதது. அது அழுத பிறகு ஸ்டெல்லா அழுதாள், டாக்டரம்மாவும் அழுதார்.

ஆயாம்மா அழவில்லை. என்னைப் பார்த்து ஒரே வார்த்தை சொன்னாள். "சிஸ்டர், மாஸ்கு."

கத்திய கத்தலில் என் மாஸ்க் கழன்று தாடைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. எப்போதிருந்து என்று கர்த்தருக்குத்தான் தெரியும்.

சாயந்திரத்துக்குள் ஆஸ்பத்திரி வாட்ஸ்அப்பில் செய்தி ஓடியது. கிட்கூடப் போடாமல், விசுவாசத்தை மட்டுமே கவசமாக அணிந்து ஓடிய சிஸ்டர். கைகூப்பிய பொம்மைகள், பூக்கள். அதை இன்றுவரை அப்படியே சொல்கிறார்கள். உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நான் ஏன் கிட் போடாமல் ஓடினேன்? திங்கட்கிழமை சரி என்று சொல்லியிருந்தால், புதன்கிழமை மத்தியானம் செல்வி வரும்போதே நான் கிட் மாட்டி மேசைக்குப் பக்கத்தில் நின்றிருப்பேன். ஓட வேண்டிய வேலையே இல்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்தபோதே பெரிய குழந்தை என்று தெரிந்திருக்கும். ஸ்டெல்லா கையை வைத்திருக்கவே மாட்டாள். யாரும் கை தட்டியிருக்க மாட்டார்கள், வாட்ஸ்அப்பில் பூ வந்திருக்காது. சொன்ன நேரத்தில் கீழ்ப்படிந்தவள் சாதாரணமாக டியூட்டி முடித்து வீட்டுக்குப் போயிருப்பாள். தாமதமாக வந்தவள்தான் வீராங்கனை ஆனாள். வெட்கம் கெட்ட கதை இது. வேறு மாதிரி யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஐந்தாம் நாள் எனக்கு ஜுரம். ஆறாம் நாள் வீட்டுக்காரருக்கு. மேல் ரூமில் தனியாகத்தான் இருந்தார். சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்தது நான்தானே. என்னைப் பதினான்கு நாளில் விட்டுவிட்டது. அவர் பத்து நாள் அதே நாலாவது மாடியில் ஆக்ஸிஜனில் கிடந்தார். ஆயாம்மாதான் பார்த்துக்கொண்டாள். திரும்பி வந்த அன்று சொன்னார், "உன்னைப் பத்தி ஏதாவது சொல்லுவாங்கன்னு பார்த்தேன். அந்தம்மா ஒரு வார்த்தை சொல்லலை. அதுலயே அவங்க மனசுல என்ன இருக்குன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு." இப்போதும் அவருக்கு மாடி ஏறினால் பாதியில் நிற்க வேண்டும். வீட்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிக்கொண்டோம்.

ஊரடங்கு முடிந்து சபை திறந்த பிறகு பாஸ்டர் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். கர்த்தர் எப்படிப் பாதுகாத்தார் என்று சொல்லுங்கள் சிஸ்டர் என்றார். நான் எழுந்து போய் மைக்கில் சொன்னேன்: "அவர் என்னைப் பாதுகாக்கலை. எனக்கு வந்துச்சு, இவருக்கும் வந்துச்சு. பாதுகாப்பேன்னு அவர் சொல்லவும் இல்லை. போன்னு சொன்னார். நான் மூணாவது நாள்தான் போனேன். அவ்வளவுதான்." பாஸ்டர் அவசரமாக ஒரு பாட்டைத் தொடங்கிவிட்டார். அதற்குப் பிறகு என்னைச் சாட்சி சொல்ல யாரும் கூப்பிடவில்லை. நிம்மதி.

ஆனால் கோயிலில் உண்மை பேசுவது சுலபம். பேச வேண்டிய இடம் வேறு ஒன்று இருந்தது. குழந்தைக்கு யாழினி என்று பெயர் வைத்தார்கள். அவளுக்கு வலது கை தூக்க வரவில்லை. தோளில் நரம்பு இழுபட்டுவிட்டது. யார் கையால் ஆனது என்று யாராலும் சொல்ல முடியாது, உங்க கையாலயும் ஆகியிருக்கலாம் என்று டாக்டரே சொன்னார். அதையும் எழுதிவிடுகிறேன். ஸ்டெல்லாவை நான் குறை சொல்லவில்லை. வேலைக்கு வந்து எட்டு மாதமே ஆன பிள்ளையை அந்த மேசைக்கு முன்னால் தனியாக நிறுத்தியது என் ஜெபம்தான்.

செல்வி வாரம் மூன்று நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிசியோவுக்கு வருவாள். என்னைக் கண்டால் காரிடார் என்றும் பார்க்காமல் காலில் விழுவாள். அவளைப் பார்த்தால் நான் ஸ்டோர் ரூமுக்குள் புகுந்துகொள்வேன். அவளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. மேட்ரனிடம் கேட்டேன். "வேண்டாம் சிஸ்டர். நாளைக்கு கேஸு கீஸுன்னு போனா உங்க பென்ஷன், ஆஸ்பத்திரி பேரு எல்லாம் போயிடும். கடவுள் மன்னிச்சுட்டாருன்னு விடுங்க" என்றார். எனக்குப் பிடித்த மாதிரியே பேசினார். முதல் தடவை மூன்று நாள் எடுத்துக்கொண்டவள், பாடம் கற்றிருப்பேன் என்று நினைப்பீர்கள். இந்தத் தடவை மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் பிசியோ அறைக்கு வெளியே பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். திங்கட்கிழமையிலிருந்து. அட்டைகளை மாற்றியதைக்கூட.

அவள் குழந்தையின் கையை நீவிக்கொண்டே கேட்டாள். கடைசியில், "அப்போ நீங்க வெளியதான் உக்காந்திருந்தீங்களா?" என்றாள்.

"ஆமா."

"நான் உள்ள கத்தினது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

நீவுவதை நிறுத்தினாள். "சாமி படத்துக்குப் பக்கத்துல உங்க போட்டோ வெச்சிருக்கேன் சிஸ்டர்."

"எடுத்துடு."

"எடுக்கத்தான் போறேன்." குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். இரண்டு அடி போனவள் திரும்பி வந்தாள். "வாரத்துக்கு மூணு நாள் இங்க வந்தா எனக்கு வேலை போயிடும்னு சொல்றாங்க. இவளுக்கு எக்சர்சைஸ் பண்ணிவிட எனக்கு ஒழுங்கா வரலை, அழுதா விட்டுடுறேன். நீங்க வீட்டுக்கு வந்து பண்ணுங்க."

கேட்கவில்லை, சொன்னாள். சரி என்றேன்.

அன்றிலிருந்து ஐந்து வருஷமாக வாரா வாரம் புதன்கிழமையும் சனிக்கிழமையும் இரண்டு பஸ் மாறி ஈஜிபுரா போகிறேன். ஓய்வு பெற்ற பிறகும். புண்ணியத்துக்குப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். பல நாள் எரிச்சலோடுதான் போகிறேன். பஸ்ஸில் கூட்டம், அந்த வீட்டுப் படி குறுகல், எனக்கு முழங்கால் வலி. செல்வி சில நாள் காபி கொடுப்பாள், சில நாள் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டாள். இரண்டும் நியாயம்தான்.

யாழினிக்கு என்னைக் கண்டாலே ஆகாது. நான் படியேறும் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். இழுத்து வந்து தரையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து கையைத் தூக்கிவிடுவேன். வலிக்கும், அதனால் அந்தக் கையாலேயே என்னை அடிப்பாள். ஒரு வயதில் அந்த அடி என் முழங்கையில் விழுந்தது. மூன்று வயதில் தோளில். போன வருஷம் முழுக்கக் கன்னத்தில். கை அதற்கு மேல் ஏறாது என்று பிசியோ சொல்லியிருந்தார்.

போன புதன்கிழமை என் உச்சந்தலையில் விழுந்தது. நல்ல பலமான அடி. கொண்டை அவிழ்ந்துவிட்டது.

செல்வி அடுப்பிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். "ஏய்! பெரியவங்களை அடிப்பியா? கையை உடைச்சுடுவேன்!"

"நீ போய் அடுப்பைப் பாரு" என்று அவளைப் பார்த்துக் கத்தினேன். குழந்தையின் பக்கம் திரும்பி, தலையைக் குனிந்து காட்டினேன். "இன்னொரு தரம் அடி, பாக்கலாம்."